"ஏப்ரலுக்குள் வேறு வாசல் திறக்கும்": தீர்க்கதரிசன வரம் இன்றும் இருக்கிறதா, ஓய்ந்துவிட்டதா?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர், புதுப்பாளையம். பிறப்பில் ஆற்காடு லுத்தரன் சபை, தாத்தா காலத்திலிருந்து அதே கோவில், ஏறக்குறைய அதே பெஞ்சு. அம்மா மட்டும் ஐந்தாறு வருடமாக ஞாயிறு எங்களோடு கோவிலுக்கு வந்துவிட்டு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வேறொரு சபைக்குப் போகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. அப்பா தவறிய பிறகு அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அந்த ஜெபக்கூட்டம்தான், அதை நான் மறக்க மாட்டேன்.

விஷயம் என்னவென்றால், தங்கைக்குப் பாண்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம், இரண்டு பக்கமும் பிடித்துப்போய் நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற கட்டம். ஜனவரியில் அந்த ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்க ஊழியர் ஒருவர் அம்மா தலையில் கைவைத்து, "மகளே, உன் வீட்டில் ஒரு வாசலை நான் அடைத்திருக்கிறேன், ஏப்ரலுக்குள் வேறு வாசல் திறப்பேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அன்றைக்கே பாண்டிக்குப் போன் போட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இப்போது ஜூலை. எந்த வாசலும் திறக்கவில்லை.

எங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், கேட்டேன். கர்த்தர் பேரில் தீர்க்கதரிசனம் சொல்லும் வரமெல்லாம் இயேசுவின் சீஷர்களான அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். அம்மாவிடம் அதைச் சொன்னால், "உங்க ஐயருக்கு ஆவியானவரைப் பற்றி என்ன தெரியும்" என்கிறார். இதில் யார் சரி? சண்டை வேண்டாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை அண்ணன் எழுதியது:

தம்பி, உங்கள் ஐயர் சொன்னதுதான் சரி, ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். எபேசியர் 2:20இல் சபை என்பது அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள் என்பவர்களுடைய அஸ்திபாரத்தின்மேல் கட்டப்பட்டது என்று பவுல் எழுதுகிறார். அஸ்திபாரம் ஒருமுறைதான் போடுவார்கள். மூன்றாவது மாடி கட்டும்போது திரும்பக் கீழே இறங்கிக் கடைக்கால் தோண்டுகிற மேஸ்திரி யாராவது உண்டா? வேதம் எழுதி முடியாத காலத்தில் சபைக்கு நேரடி வார்த்தை தேவைப்பட்டது. இப்போது 66 புத்தகம் கையில் இருக்கிறது. 1 கொரிந்தியர் 13இலேயே தீர்க்கதரிசனங்கள் ஒழிந்துபோம், அந்நியபாஷைகள் (ஆவியில் நிறைந்து பேசுகிற, தான் கற்காத மொழிகள்) ஓய்ந்துபோம் என்று இருக்கிறதே.

இன்னொன்று, உபாகமம் 18. கர்த்தர் பேரில் சொல்லி அது நடக்கவில்லை என்றால், அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல. அவ்வளவுதான் சோதனை. ஏப்ரல் போய்விட்டது. கேஸ் முடிந்தது.

நெல்லித்தோப்பு சிஸ்டர் எழுதியது:

பிரதர், 13ஆம் அதிகாரத்தை 8ஆம் வசனத்தோடு மூடிவிட்டீர்களே, இன்னும் நாலு வசனம் படியுங்கள். நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம். அந்த நிறைவு எது? 12ஆம் வசனம் சொல்கிறது, அப்போது முகமுகமாய்ப் பார்ப்போம் என்று. பைபிள் அச்சாகிக் கைக்கு வந்ததும் நீங்கள் ஆண்டவரை முகமுகமாய்ப் பார்த்துவிட்டீர்களா? நான் பார்க்கவில்லை. சீர்திருத்தத் தலைவர் கால்வின், வரம் இன்றும் உண்டு என்கிற பெந்தெகொஸ்தேக்காரர் இல்லை, அவரே அந்த நிறைவைக் கடைசி நாளோடுதான் சேர்த்துப் பேசுகிறார். அதே வசனத்தில் அறிவும் ஒழிந்துபோம் என்று இருக்கிறது. அறிவு ஒழிந்துவிட்டதா? (சில வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தால் ஆம் என்று தோன்றும், அது வேறு.)

சீஷர்கள்மேல் ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேல் புத்தகத்தை எடுத்துப் பேசினார், உங்கள் குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவார்கள் என்று. அது கடைசி நாட்களுக்கு என்று சொன்னது. கடைசி நாட்கள் முதல் நூற்றாண்டோடு முடிந்துவிட்டதா?

என் கதை ஒன்று. 2021இல் வீட்டுக்காரர் ஜிப்மரில் இருந்தார், மூச்சுத் திணறல். எங்கள் சபையில் ஒரு வயதான அம்மா, எழுதப் படிக்கத் தெரியாது, போனில் கூப்பிட்டு, "நீ மாடிப்படியில உட்கார்ந்து அழுதத ஆண்டவர் பார்த்தார்னு சொல்லச் சொல்றார்" என்றார். அன்றைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு நான் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. வீட்டுக்காரர் பிழைப்பார் என்று அந்த அம்மா சொல்லவில்லை. பிழைக்கவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை நிற்கிறேன். 1 கொரிந்தியர் 14:3 தீர்க்கதரிசனம் எதற்கு என்று சொல்கிறது: பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல். தேதி போட்டுக் கல்யாணத்தை நிறுத்துவதற்கு என்று அந்தப் பட்டியலில் இல்லை. தம்பி வீட்டில் நடந்ததை நானும் ஆதரிக்கவில்லை.

சில்வர் பீச் ஆட்டோ எழுதியது:

நான் எந்தச் சபையும் இல்லை, மனைவிதான் போவார், நான் வெளியே வண்டியில் காத்திருக்கிற ஆள். ஒரே சந்தேகம். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் வருகிற வருடத்துக்கு என்ன நடக்கும் என்று மைக்கில் சொல்கிறார்களே, "கடலோரப் பகுதியில் ஒரு அழிவைப் பார்க்கிறேன்" என்று. கடலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வரம் வேண்டுமா? 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். எங்கள் தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா ஐப்பசியிலேயே சொல்லிவிடுவார், காணிக்கையும் கேட்க மாட்டார். தானே அடித்தது 2011 டிசம்பர் 30 காலை. மறுநாள் ராத்திரி பாதிக் கூரை போன சபையில் நின்றுகொண்டு, "கர்த்தர் எனக்கு முன்னமே காட்டினார்" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். முன்னமே காட்டியிருந்தால் பண்ருட்டிக்காரன் முந்திரித் தோப்பையாவது இன்சூரன்ஸ் செய்திருப்பானே ஐயா.

லாஸ்பேட்டை அண்ணன் எழுதியது:

ஆட்டோ தம்பி சொன்னதில் வேதசாஸ்திரமே இருக்கிறது. 2020 ஜனவரி 1க்கு "இது பெருக்கத்தின் ஆண்டு" என்று வாக்கு கொடுத்த எத்தனை பேர் மார்ச்சில் சபைக் கதவைப் பூட்டினார்கள்? அமெரிக்காவில் அதே வருடம் டிரம்ப் ஜெயிப்பார் என்று வரிசையாகத் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். தோற்றபின் ஒருசிலர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள், அதற்கு அவர்களுக்கே வசைதான் கிடைத்தது.

சிஸ்டர், உங்கள் அனுபவத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆண்டவர் தம் பிள்ளைகளை ஆறுதல்படுத்துகிறார், யார் மூலமாகவும் செய்வார். அதற்குத் தீர்க்கதரிசனம் என்று பெயர் வைத்தால்தான் ஆபத்து. ஏனென்றால் அந்தப் பெயர் விழுந்தவுடன் அடுத்த ஆள் அதே பெயரில் ஏப்ரல் மாதம் என்று தேதி போடுகிறார்.

வில்லியனூர் ரோடு எழுதியது:

நீங்கள் இரண்டு பேரும் பெயர் என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. நான் கத்தோலிக்கன். எங்கள் திருவிவிலியத்தில் தீர்க்கதரிசி என்ற சொல்லே கிடையாது, இறைவாக்கினர் என்றுதான் இருக்கும். சிறுவயதில் பக்கத்து வீட்டு சிஎஸ்ஐ அங்கிளிடம் எரேமியா இறைவாக்கினர் என்று சொன்னால், அவர் யாரையோ புதிதாகச் சொல்கிறேன் என்று முழிப்பார். தீர்க்கதரிசி என்றால் நெடுந்தூரம் பார்க்கிறவர், வருவதைச் சொல்கிறவர். இறைவாக்கினர் என்றால் இறைவனின் வாக்கை எடுத்துச் சொல்கிறவர், அது நேற்றைப் பற்றியும் இருக்கலாம், இன்றைக்கு நீ செய்கிற அநியாயத்தைப் பற்றியும் இருக்கலாம். ஆமோஸ் பாதி நேரம் எடைக்கல்லில் ஏமாற்றுகிற வியாபாரியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். தீர்க்கதரிசி என்று சொன்ன உடனே நம் ஊர் மூளை குறிசொல்வதற்கும் அருள்வாக்குக்கும் போய்விடுகிறது. உடுக்கை மட்டும்தான் பாக்கி. மொழிபெயர்த்தவர்கள் மேல் தப்புச் சொல்லவில்லை, அவர்கள் காலத்தில் கைக்குக் கிடைத்த சொல் அது.

வரம் இருக்கிறதா என்றால் எங்கள் பதில் இருக்கிறது என்பதுதான். திருமுழுக்கில் கிறிஸ்மா என்ற தைலம் பூசும்போதே குரு, இறைவாக்கினர், அரசர் என்று சொல்லித்தான் பூசுகிறார்கள். ஆனால் புதிய வெளிப்பாடு இல்லை. எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 67ஆம் எண் பாருங்கள், தனி ஆட்களுக்குக் கிடைத்த வெளிப்பாடுகள் விசுவாசக் களஞ்சியத்தைச் சேர்ந்தவை அல்ல, திருச்சபை ஏற்றுக்கொண்டவைகூடக் கிறிஸ்துவின் வெளிப்பாட்டை முழுமையாக வாழத் துணைதானே தவிர அதைத் திருத்தவோ கூட்டவோ அல்ல. எங்கள் வில்லியனூர் மாதா லூர்து மாதாதான். 1858இல் பிரான்சின் லூர்து ஊரில் மாதா தனக்குக் காட்சி தந்தார் என்று பெர்னதெத் என்ற 14 வயதுப் பெண் சொன்னதை மறுநாளே யாரும் போஸ்டர் அடிக்கவில்லை. போலீஸ் விசாரித்தது, ஆயர் குழு போட்டார், 1862இல்தான் ஏற்றார்கள். நாலு வருடம். உங்கள் அம்மா எவ்வளவு நேரம் எடுத்தார் போன் போட?

கெடிலக்கரை எழுதியது:

அரை மணி நேரம். பஸ்ஸில் வரும்போதே போட்டுவிட்டார்.

பழைய துறைமுகம் எழுதியது:

முதுநகர்க்காரன், ஓய்வுபெற்ற வாத்தியார். கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்தலர் போனதோடு வரமும் போயிற்று என்பது அவ்வளவு நேராக இல்லை. 2ஆம் நூற்றாண்டு நடுவில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஒரு யூதரோடு செய்த விவாதத்தில், தீர்க்கதரிசன வரங்கள் இன்றும் எங்களிடம் இருக்கின்றன என்று எழுதுகிறார். அதே நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கிற பிரிகியாவில் மொந்தானு என்று ஒருவர், கூட பிரிஸ்கில்லாள், மாக்சிமில்லாள் என்று இரண்டு பெண்கள், பரவசத்தில் பேசினார்கள். மாக்சிமில்லாள் எனக்குப் பின் தீர்க்கதரிசி இல்லை, முடிவுதான் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. முடிவு வரவில்லை. தெர்த்துல்லியன் மாதிரிப் பெரிய வேதசாஸ்திரியே அந்தப் பக்கம் போனது. அதற்குப் பிறகு சபைகளுக்கு இந்த வரம் என்றாலே ஒரு பயம். 4ஆம் நூற்றாண்டு கடைசியில் கிறிசோஸ்தோம் என்ற பேர்பெற்ற பிரசங்கி 1 கொரிந்தியர் 12க்குப் பிரசங்கம் செய்யும்போது, இதெல்லாம் அன்று நடந்தது, இன்று நடப்பதில்லை, அதனால் இந்தப் பகுதி நமக்கு விளங்குவது கஷ்டம் என்கிறார்.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். பெந்தெகொஸ்தே இயக்கம் பரவத் தொடங்கிய இடம் என்று அமெரிக்காவின் 1906 அசூசா தெருவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு 46 வருடம் முன்னால், 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற சுவிசேஷகர் நடத்திய எழுப்புதலில் (பக்தி திடீரென்று பற்றிப் பரவுகிற காலம்) தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், பிறகு பிரதரன் இயக்கத்து குரோவ்ஸோடு சேர்ந்தவர். லாஸ்பேட்டை அண்ணன் பிரதரன் சபை என்று நினைக்கிறேன், உங்கள் வீட்டுப் பரணிலேயே இந்தக் கதை கிடக்கிறது. அந்த எழுப்புதல் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்பவரின் கூட்டம் 1881இல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தது. 1881 வந்தது, போனது. அந்தக் கூட்டம் யுயோமயம் என்று தனி வழியாகப் பிரிந்துபோனது. ஒரே எழுப்புதலின் இரண்டு கிளை இது. ஒன்று பாட்டும் ஜெபமும் சுவிசேஷமுமாகப் போனது, மற்றது தேதியில் போய் மாட்டியது.

அப்புறம் திதாகே என்று ஒரு பழைய சபை ஒழுங்குப் புத்தகம். கையெழுத்துப் பிரதி கிடைத்து 1883இல்தான் அச்சேறியது. ஊர்ஊராய் வருகிற ஊழியர்களைப் பற்றி அதில் ஒரு அதிகாரம். மூன்று நாள் தங்கினால் பொய்த் தீர்க்கதரிசி. போகும்போது பணம் கேட்டால் பொய்த் தீர்க்கதரிசி. ஆவியில் பேசிக்கொண்டே பந்தி போடச் சொல்லி அதில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் பொய்த் தீர்க்கதரிசி. ஆனால் இல்லாதவர்களுக்காகக் கேட்டால் யாரும் அவனைக் குற்றவாளி என்று தீர்க்கவேண்டாம் என்றும் இருக்கிறது. எவ்வளவு பட்டு இதை எழுதியிருப்பார்கள் பாருங்கள்.

சில்வர் பீச் ஆட்டோ எழுதியது:

வாத்தியாரே அந்தப் புத்தகத்தை லேமினேட் செய்து காணிக்கை க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் மாட்டலாம்.

லாஸ்பேட்டை அண்ணன் எழுதியது:

பிரதரன்தான், கண்டுபிடித்துவிட்டீர்கள். அருளப்பனைப் பற்றி எங்கள் சபையில் சுவிசேஷகர் என்று சொல்வோம், அந்தப் பகுதியை அதிகம் பேச மாட்டோம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்ததாகப் பதிவு இருப்பது வேறு, அது கொரிந்து சபையில் இருந்த அதே வரமா என்பது வேறு.

என் கேள்வி எளிது. இன்றைக்குச் சொல்கிறவர் கர்த்தர் சொல்லுகிறார் என்கிறார். கர்த்தர் சொன்னது தப்பாது. தப்பாத வார்த்தை என்றால் அதை வேதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தப்பலாம் என்றால் கர்த்தர் பெயரை எடுக்காதீர்கள்.

நெல்லித்தோப்பு சிஸ்டர் எழுதியது:

இது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில் 21ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்கள். பிலிப்புவுக்கு நாலு பெண் பிள்ளைகள், தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள். பவுல் அந்த வீட்டில் அநேகநாள் தங்குகிறார். அந்த நாலு பேரும் சொன்னதில் ஒரு வரிகூட வேதத்தில் இல்லை. ஆக, வேதத்தில் ஒட்டாத தீர்க்கதரிசனம் அன்றைக்கே இருந்தது. 1 கொரிந்தியர் 14:29இல் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்கிறார் பவுல். ஏசாயா பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லையே. அப்படியானால் சபையில் வருகிற வார்த்தை வேறு தரம். பேசுகிறவர் மனுஷர், கேட்டது சரியாக இருந்தாலும் சொல்லும்போது கலந்துவிடும். எங்கள் பாஸ்டர் இப்போது கர்த்தர் சொல்லுகிறார் என்றே சொல்லக்கூடாது, என் மனதில் இப்படி உணர்த்தப்படுகிறது என்று சொல்லுங்கள் என்று பழக்கியிருக்கிறார். ஆரம்பத்தில் பலருக்குக் கோபம். தரிசனத்துக்கு வால்யூம் குறைந்துபோன மாதிரி.

அப்போஸ்தலர் 21இலேயே அகபு என்ற தீர்க்கதரிசியைப் பாருங்கள். பவுலின் இடுப்புக் கச்சையை எடுத்துத் தன் கை கால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் யூதர் இதையுடையவனை இவ்விதமாகக் கட்டிப் புறஜாதியார் கையில் ஒப்புக்கொடுப்பார்கள் என்றார். நடந்தது என்ன? யூதர் அடித்தார்கள், ரோமச் சேனாபதி வந்து பிடுங்கிக் கட்டினான். மொத்தம் சரி, விவரம் கொஞ்சம் இடறுகிறது.

லாஸ்பேட்டை அண்ணன் எழுதியது:

இடறவில்லை சிஸ்டர். அதே புத்தகம் 28:17இல் பவுலே, எருசலேமிலிருந்து கட்டப்பட்டவனாக ரோமர் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டேன் என்று சொல்கிறார். அகபு சொன்ன வார்த்தைதான் அது. பரிசுத்த ஆவியானவர் சொல்லுகிறார் என்று தொடங்கியவரை அரைகுறை என்று ஆக்கினால்தான் இன்றைய அரைகுறைக்கு இடம் கிடைக்கும்.

பழைய துறைமுகம் எழுதியது:

இரண்டு பேரும் கச்சையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த வசனத்துக்கு யாரும் போகவில்லை. அகபு போகாதே என்று சொல்லவே இல்லை. கட்டுவார்கள் என்று மட்டும்தான் சொன்னார். போகவேண்டாம் என்று அழுதது கூட இருந்தவர்கள், அதில் இதை எழுதிய லூக்காவும் உண்டு, நாங்களும் என்றுதான் எழுதுகிறார். அதற்கு முன் தீரு பட்டணத்திலும் சீஷர்கள் ஆவியின் ஏவுதலால் போகவேண்டாம் என்றார்கள். பவுல் எல்லாவற்றையும் கேட்டார், மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். கேட்டது ஒரு விஷயம், அதை வைத்து என்ன செய்வது என்று தீர்மானித்தது வேறு விஷயம், தீர்மானம் பவுலுடையது.

கெடிலக்கரைத் தம்பி, இதில் ஒரு ஆள் காணோமே. வரன் வந்தது உன் தங்கைக்கு. வாக்கு வந்தது அம்மாவுக்கு. போன் போட்டதும் அம்மா. தங்கை என்ன சொல்கிறாள்?

வில்லியனூர் ரோடு எழுதியது:

இதை நான் முதல் நாளே கேட்க நினைத்தேன். ஆம்பளைங்க விவாதத்தில் மறந்துபோச்சு.

நெல்லித்தோப்பு சிஸ்டர் எழுதியது:

நானும்தான் மறந்தேன், நான் ஆம்பளை இல்லை. சொல்லுங்க தம்பி.

கெடிலக்கரை எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். உண்மையைச் சொன்னால், நான் அவளிடம் கேட்டிருக்கவே இல்லை. அம்மாவிடம் வாதாடினேன், ஐயரிடம் போனேன், இங்கே எழுதினேன்.

இந்த இழையை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். ஆட்டோ அண்ணன் எழுதியதுக்குச் சிரித்தாள். அப்புறம் சொன்னாள், "அந்த ஊழியர் வாசல்னுதான் சொன்னார். கல்யாணம்னு எங்க சொன்னார்? நான் பக்கத்திலதான் உட்கார்ந்திருந்தேன். அப்ப நான் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன், எனக்கு அது கவர்மெண்ட் வேலையப் பத்தின்னுதான் பட்டது. அதே மாதிரி கிடைக்கவும் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா, நான், ஐயர், இங்கே நீங்கள் எல்லோரும் அது கல்யாணம் என்றே வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

லாஸ்பேட்டை அண்ணன் எழுதியது:

அதாவது வாசல் என்று சொன்னால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். ராசிபலன் இப்படித்தான் வேலை செய்கிறது தம்பி. அவர் தப்பவும் இல்லை, சொல்லவும் இல்லை.

நெல்லித்தோப்பு சிஸ்டர் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சபையாக இருந்தால், எந்த வாசல், யாருக்கு என்று இரண்டு மூத்தவர்கள் அங்கேயே கேட்டிருப்பார்கள். கேட்டிருக்கவேண்டும். ஏப்ரலுக்குள் வேறு ஏதாவது திறந்ததா என்று தங்கையிடம் கேளுங்கள், கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

கெடிலக்கரை எழுதியது:

கேட்டேன் அக்கா. ஏப்ரலில் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா தன் இரண்டாவது மிஷினை இவளுக்கு வாடகைக்குக் கொடுத்தாராம், ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் கொஞ்சம் வருகிறதாம். அது வாசலா ஜன்னலா தெரியாது என்றாள்.

அம்மாவிடம் தங்கையே நேராகப் பேசினாள். வாத்தியார் ஐயா சொன்ன பவுல் விஷயத்தை அப்படியே சொன்னாள், என்னைவிட நன்றாகவே சொன்னாள். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பையனை உனக்குப் பிடிச்சிருக்கா" என்று கேட்டார். ஜனவரியிலிருந்து இப்போதுதான் கேட்கிறார். அவள் ஆமாம் என்றாள். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அம்மா போவதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

நேற்று பாண்டிக்கு அம்மாவே போன் போட்டார். அவர்கள் இன்னும் வேறு இடம் பார்க்கவில்லையாம், கோபமும் இல்லையாம். ஆனால் ஆடி பிறந்துவிட்டது, ஆடி போகட்டும், ஆவணியில் வந்து பேசி முடிக்கிறோம் என்றார்களாம். கிறிஸ்தவ வீட்டில் ஆடி என்ன ஆவணி என்ன என்று லாஸ்பேட்டை அண்ணன் கேட்பார்.

லாஸ்பேட்டை அண்ணன் எழுதியது:

கேட்க மாட்டேன் தம்பி. பத்திரிகை அனுப்பு, வருகிறேன்.